சுகர் உள்ள பூனைக்கு இதயமும் லேசாகத் தடித்திருந்தால்

எங்கள் மிளகுக்குப் பதினொரு வயது, ஏற்காட்டுக் காப்பிச் செடிகளுக்கு நடுவே வளர்ந்த கடுவன். சுகருக்கு இரண்டு வருடமாக இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தோம், போன தை மாதம் டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு இரைச்சல் கேட்கிறது, எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துவிடலாம் என்றார். எடுத்ததில் இடது கீழறைச் சுவர் லேசாகத் தடித்திருந்தது, ஆனால் மேலறை பெரிதாகவில்லை.

அந்த மேலறை விஷயத்தைத்தான் நீங்களும் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அது விரியாத வரை பெரும்பாலான பூனைகளுக்கு இதயத்துக்கென்று மாத்திரையே தேவைப்படாது. விரிந்தால்தான் ரத்தம் கட்டாமலிருக்க க்ளோபிடோக்ரெல், நுரையீரலில் நீர் கோத்தால் ஃப்ரூஸ்மைடு. அதனால் மாத்திரை எழுதித் தரவில்லையே என்று பதறாதீர்கள். அடுத்த எக்கோ எப்போது என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தமும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டுமே இதயச் சுவரைத் தடிக்க வைக்கும். இன்சுலின் அளவு ஏறிக்கொண்டே போயும் சுகர் இறங்கவில்லை என்றால் வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறதா என்றும் கேளுங்கள், அந்த ஒரு கோளாறே சுகரையும் தடித்த இதயத்தையும் சேர்த்துக் கொண்டுவரும்.

வீட்டில் நம் கையில் இருக்கும் பெரிய வேலை மூச்சை எண்ணுவது. பூனை நன்றாகத் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து விலாவைப் பாருங்கள், ஏறி இறங்கினால் ஒன்று. முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். குர்ர் என்று சத்தம் போடும்போது எண்ணக்கூடாது, கனவில் மீசை துடிக்கும்போதும் வேண்டாம், சேலத்துச் சித்திரை மதியத்தில் எண்ணினாலும் கணக்கு ஏறித்தான் காட்டும், ஆகவே இரவில் ஒரே நேரத்தில் எண்ணிப் பழகுங்கள். மிளகுக்கு 18லிருந்து 22. நிமிடத்துக்கு 30க்குள் இருந்தால் சரி. மறுபடி மறுபடி எண்ணியும் 30ஐத் தாண்டினால் அன்றைக்கே டாக்டருக்குப் போன். 40ஐத் தாண்டினாலோ வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள். இருமல் வரட்டும் பார்ப்போம் என்று இருக்காதீர்கள், இதயம் தளர்ந்த நாய் இருமும், பூனை பெரும்பாலும் இருமாது.

அடுத்தது பின்னங்கால். சுகர் நரம்பைப் பாதித்தால் பூனை குதிகாலைத் தரையில் பதித்து நடக்கும், மெல்ல மெல்ல வரும், சுகர் கட்டுக்குள் வந்தால் பல பூனைகளுக்குத் தேறிவிடும். இதயத்திலிருந்து கிளம்பிய ரத்தக்கட்டி அடைத்தால் கதையே வேறு. சற்று முன்புவரை நடந்த பூனை திடீரென்று பின்னங்காலை இழுக்கும், வலியில் கத்தும், பாதத்தைத் தொட்டால் சில்லென்று இருக்கும், பாதத்தின் அடிப்பஞ்சு வெளுத்தோ நீலம் பாரித்தோ போயிருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு "சுகர்தானே" என்று விட்டுவிடக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

எந்த டாக்டரிடம் போனாலும், எதற்காகப் போனாலும், உள்ளே நுழைந்ததுமே இரண்டு நோயையும் சொல்லிவிடுங்கள். ஒருமுறை மிளகுக்குக் கழுத்தில் அரிப்பு, வேறொரு இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டுவிட்டார்கள், நானும் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. சுகர் 400ஐத் தாண்டியது, இரவில் மூச்சு 34. இரண்டும் இறங்குவதற்குள் எனக்கு உயிரே இல்லை. ஸ்டீராய்டு சுகரையும் ஏற்றும், இதயத்தையும் திணற வைக்கும். ட்ரிப்ஸும் அப்படித்தான். சுகர் எகிறி உடம்பில் நீர் வற்றிய பூனைக்கு அது தேவை, ஆனால் தடித்த இதயத்துக்கு மளமளவென்று ஏற்றினால் நுரையீரலில் போய் நிற்கும். மெதுவாக, மூச்சைப் பார்த்துப் பார்த்து ஏற்றச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் முதலில் நிறுத்த வேண்டியது பால் சோறும் தயிர் சோறும், அப்புறம் கருவாடு. சோறு சுகருக்கு ஆகாது, கருவாட்டின் உப்பு இதயத்துக்கு ஆகாது. கோழி, மீன், கோழியின் இதயம், ஈரல் கொஞ்சம், இல்லையென்றால் மாவுச்சத்து குறைந்த ஈர உணவுப் பொட்டலம். கறியை வேகவைத்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் சேர்த்தே கொடுங்கள், இதயத்துக்கு வேண்டிய டாரின் என்ற சத்து அதில்தான் இறங்கியிருக்கும். டாரின் குறைந்தால் பூனையின் இதயம் தளரும் என்பது 1987லேயே தெரிந்துவிட்ட விஷயம். வீட்டுச் சாப்பாடு மட்டும்தான் என்றால் டாரின் தனியாகச் சேர்க்கவேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கவனம்: சோற்றை நிறுத்தினால் சுகர் மடமடவென்று இறங்கும், பழைய அளவிலேயே இன்சுலின் போட்டால் ஆபத்து. டாக்டரிடம் சொல்லிவிட்டு, குளுக்கோமீட்டரில் பார்த்துக்கொண்டே மாற்றுங்கள். தள்ளாடினால், துவண்டால், மீட்டர் 60க்குக் கீழே காட்டினால் ஈறில் தேன் தடவிவிட்டுப் போன் போடுங்கள். சாப்பிடாத வேளையில் முழு ஊசி போடாதீர்கள்.

சிரிஞ்சு மூடியின் நிறத்தை ஒவ்வொரு முறையும் பாருங்கள். சிவப்பு மூடி ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கு, ஆரஞ்சு மூடி ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ளதற்கு. க்ளார்ஜின் என்ற இன்சுலின் வழக்கமாக 100 யூனிட் மருந்து, அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு யூனிட் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். மருந்துக் கடையில் சிரிஞ்சு என்று மட்டும் கேட்டால் எதையாவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

எங்களைப் போல மலைமேல் இருப்பவர்களுக்கு இன்னொரு பாடு, இருபது கொண்டை ஊசி வளைவு. வண்டியில் கத்திக் கத்தியே பூனை மூச்சு வாங்கும், பயத்தில் சுகரும் ஏறிக் காட்டும். அதனால் வாராந்திர சுகரை வீட்டிலேயே காது ஓரத்தில் குத்திப் பார்த்துவிடுகிறேன், எக்கோவுக்கு மட்டும் இறங்குகிறேன். கூண்டின் மேல் துணி போர்த்துங்கள், அதிகாலையிலேயே கிளம்புங்கள். சேலத்தில் இன்சுலின் வாங்கி வரும்போது ஐஸில் நேராக வைக்காமல் துண்டில் சுற்றி வையுங்கள், உறைந்துவிட்டால் தூக்கிப் போடவேண்டியதுதான். மூச்சுக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு நோயின் பெயர், இன்சுலின் பெயர், அளவு, கடைசி எக்கோ தேதி, டாக்டர் எண் எல்லாவற்றையும் எழுதி அந்த நோட்டைக் கூண்டிலேயே கட்டி வையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் பக்கத்து வீட்டு அக்கா தூக்கிக்கொண்டு ஓடினாலும் டாக்டருக்கு அது போதும்.