டீசல் ஜீப்பில் ஃப்யூயல் முள் படுத்துவிட்டால்

பழைய டீசல் ஜீப்பில் முள் அசையாவிட்டால் மீட்டரை மாற்ற ஓடாதீர்கள். கோளாறு பெரும்பாலும் டேங்க் பக்கம்தான். முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து தப்பாகக் காட்டினால், டேஷ்போர்டுக்குப் பின்னால், இரு மீட்டருக்கும் சீரான வோல்டேஜ் தரும் ஸ்டெபிலைசரைச் சந்தேகிக்கலாம்.

ஃப்யூயல் முள் மட்டும் என்றால், டேங்க் மேலுள்ள ஃப்ளோட் யூனிட்டின் (மிதவையால் டீசல் அளவை மீட்டருக்குச் சொல்லும் பாகம்) வயரைக் கழற்றிச் சாவியைப் போடுங்கள். வயர் நுனியை, டேங்கிலிருந்து தள்ளி, 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப் வழியாக பாடியில் சில நொடி தொடுங்கள். முள் நகர்ந்தால் மீட்டரும் வயரும் நலம்.

அடுத்தது எர்த், அதாவது மின்சாரம் சேசிஸுக்குத் திரும்பும் வழி. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். டேங்க் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும். அதனால் எர்த் வயரின் முனை துருப்பிடித்தால் மின்சாரம் திரும்ப வழியில்லை. கழற்றிய வயரைத் திரும்ப மாட்டிவிட்டு, யூனிட்டின் விளிம்பிலிருந்து சேசிஸுக்குத் தனி வயர் இழுத்துப் பாருங்கள். முள் எழுந்தால், எர்த் முனையை எமரி தாளால் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் தடவினால் போதும்.

எழவில்லையா? பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு யூனிட்டை வெளியே எடுங்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில் (மின்தடை அளவு) வைத்து, யூனிட்டில் இணைத்து, ஃப்ளோட் கையை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். அளவு சீராக மாறவேண்டும். நடுவில் அளவு அறுந்தால் உள்ளே சுற்றுக்கம்பி தேய்ந்துவிட்டது. ஃப்ளோட்டை ஆட்டும்போது உள்ளே டீசல் களக்களக்கென்றால் அது ஓட்டை, மாற்றுங்கள். புது யூனிட்டின் ஓம்ஸ் பழைய மீட்டருக்குப் பொருந்தாவிட்டால் அரை டேங்க்கூடக் காலியாகத் தெரியலாம். கேஸ்கெட்டும் புதிதாகப் போடுங்கள்.