ட்ரம்பெட்டின் உட்பக்கம்: ஒரு முழுக் கழுவலுக்கும் அடுத்த கழுவலுக்கும் இடையில் என்ன செய்வது

ட்யூனிங் ஸ்லைடை, அதாவது சுருதி சேர்க்க முன்னும் பின்னும் இழுக்கும் U வடிவக் குழாயை, முழுதாகக் கழற்றி வைத்துவிட்டு, ட்ரம்பெட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, லீட்பைப்புக்குள் ஒரு கண்ணால் பாருங்கள். மவுத்பீஸ் செருகும் இடத்திலிருந்து ட்யூனிங் ஸ்லைட் வரை போகும் நேர்க்குழாய்தான் லீட்பைப். நன்றாகப் பார்த்துக்கொள்ளும் வாத்தியமென்றால் உட்சுவர் முழுக்கப் பளபளப்பாக, வெளிச்சம் வளையம் வளையமாகத் தெரியும். இல்லாவிட்டால் சாம்பலும் பச்சையும் கலந்த ஒரு படை, அதில் ஒட்டிய கறுப்புத் துணுக்குகள், மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் ஒரு புளித்த மணம். "போன மாசம்தானே முழுசாக் கழுவினேன்" என்று சொல்பவர்களின் வாத்தியத்திலும் இதைக் கண்டிருக்கிறேன்.

முழுக் கழுவல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கழற்றி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, பிரஷ் விட்டுத் தேய்த்து, கிரீஸும் ஒயிலும் போட்டுப் பூட்டுவதை ஒரு மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ஒரு தடவை செய்யத்தான் வேண்டும். ஆனால் குழாயைத் தின்னும் அழுக்கு அந்த இடைப்பட்ட நாட்களில்தான் சேர்கிறது. அதனால் தினமும் வாசித்து முடித்தபின் செலவழிக்கும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு, எப்போதாவது செய்யும் பெரிய கழுவலைவிட மதிப்பு அதிகம்.

உள்ளே சேர்வது என்ன? தண்ணீரை வடிக்கக் குழாயில் வைத்திருக்கும் சின்னத் திறப்பான வோட்டர் கீயால் வடிவதை எல்லாரும் எச்சில் என்பார்கள். அதில் பெரும்பகுதி மூச்சிலுள்ள நீராவி குழாய்ச் சுவரில் பட்டு ஒடுங்கிய தண்ணீர். வெறும் தண்ணீராக இருந்தால் பிரச்சினை சிறியது, ஆனால் அதோடு கொஞ்சம் எச்சிலும், சாப்பாட்டுத் துணுக்கும், சீனியும் போகின்றன. பித்தளை என்பது செம்பும் நாகமும் (துத்தநாகம்) கலந்த கலப்புலோகம், சாதாரண மஞ்சள் பித்தளையில் செம்பு ஏறக்குறைய 70 வீதம். இந்த அழுக்கும் ஈரமும் நாட்கணக்கில் ஒரே இடத்தில் இருந்தால் அதிலுள்ள நாகம் மெல்ல மெல்லக் கரைந்து போய், செம்பு மட்டும் ஓட்டை ஓட்டையாக மிஞ்சும். வெளியே பார்த்தால் பித்தளைமேல் பூசிய லாக்கர் என்ற மேற்பூச்சுக்கு அடியில் இளஞ்சிவப்பு வட்டம், அதன் நடுவில் ஒரு கருமையான புள்ளி. அதற்கு ரெட் ரொட் என்று பெயர். வெளியே தெரியும்போது உள்ளிருந்து அரித்துக்கொண்டு வந்துவிட்டது என்று அர்த்தம், தேய்த்தெல்லாம் எடுக்க முடியாது. முதலில் போவது பெரும்பாலும் லீட்பைப்தான், ஏனென்றால் வாயிலிருந்து வருவதெல்லாம் முதலில் படுவது அங்கேதான்.

கொழும்பில் இது இன்னும் கஷ்டம். காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் உள்ளே நனைந்தது லேசில் காயாது, மே மாத மழையிலும் ஒக்டோபர், நவம்பர் மழையிலும் கேட்கவே வேண்டாம். இன்னொன்று, நெலும் பொக்குண மாதிரி ஏசி போட்ட மண்டபத்தில் வாசிக்கும்போது பித்தளை குளிர்ந்துபோய், மின்விசிறி மட்டும் சுழலும் பயிற்சி அறையில் வடிவதைவிடக் கூடுதலாகத் தண்ணீர் வடியும். அப்படியான நாட்களில் துடைப்பதற்கும் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடலுக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துவிடும், அது வெளிப்பக்கத்தைப் பிடிக்கும். மென்மையான துணியால் வெளியேயும் ஒரு தடவை துடைத்துவிடுங்கள்.

சுத்தம் வாசிப்பதற்கு முன்னாலேயே தொடங்குகிறது. பயிற்சி இடைவேளையில் ரோல்ஸும் பற்றீஸும் வரும், சீனி போட்ட பிளேன்டீ வரும், மத்தியானத்தில் யாராவது நெக்டோ வாங்கி வருவார்கள். சாப்பிட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பயனில்லை, சொல்லவும் கூடாது, மணிக்கணக்கில் ஊதுகிறவனுக்குப் பசிக்கும். ஆனால் திரும்ப வாத்தியத்தைத் தொடுவதற்கு முன் வெறும் தண்ணீரால் இரண்டு தடவை நன்றாக வாய் கொப்பளிக்க வேண்டும். முடிந்தால் பல் துலக்கிவிட்டு வாருங்கள். நான் சொல்லப்போகும் எல்லாவற்றிலும் மிக மலிவானதும் மிக அதிகம் பலன் தருவதும் இதுதான். மார்ச் மாதத்தில் பாடசாலைகளின் பிக் மெட்ச் கிரிக்கெட் பார்க்கப் போய் எஸ்எஸ்சி மைதானத்தில் பகல் முழுக்கப் பப்பரே என்ற கொண்டாட்ட பாண்ட் இசை ஊதுபவர்கள் கையில் ஒரு போத்தல் பச்சைத் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறை சோடா குடித்த பிறகும் ஒரு மிடறு.

சரி, வாசித்து முடிந்தது. உடனே கேஸுக்குள் வைக்காதீர்கள்.

முதலில் தண்ணீரை வெளியேற்றுங்கள். வோட்டர் கீயை அழுத்திக்கொண்டு, உதட்டை அதிரவிடாமல் வெறும் காற்றை மட்டும் நீளமாக ஊதுங்கள். மூன்று வால்வையும் அழுத்தி ஒரு தடவை, அழுத்தாமல் ஒரு தடவை. மூன்றாவது வால்வின் ஸ்லைடில் பல ட்ரம்பெட்டுகளுக்கு வோட்டர் கீ இருக்காது, அந்த வால்வை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்லைடை இழுத்துக் கவிழ்த்துவிடுங்கள். வால்வை அழுத்தாமல் இழுத்தால் 'டப்' என்று ஒரு சத்தம் வரும், உள்ளே காற்று உறிஞ்சப்படுகிற சத்தம் அது, வால்வுக்கு நல்லதில்லை.

அப்புறம் மவுத்பீஸைக் கழற்றி, ட்யூனிங் ஸ்லைடையும் வெளியே எடுங்கள். இப்போது லீட்பைப் இரண்டு பக்கமும் திறந்த ஒரு குழாய். இதற்குள் கயிறு கட்டிய துணியை இழுக்க வேண்டும். கயிற்றின் பாரமான முனையை மவுத்பீஸ் செருகும் பக்கமாக விடுங்கள். காரணம் இருக்கிறது: அந்தப் பக்கத்தில்தான் குழாய் மிக ஒடுக்கம், ட்யூனிங் ஸ்லைட் பக்கம் போகப் போக அகலும். ஒடுங்கிய வாயில் நுழைந்த துணி அதற்குப் பிறகு எங்கேயும் இறுகாது. மறுபக்கமாக விட்டால் அகலமான இடத்தில் சுகமாக நுழைந்து, ஒடுங்கிய இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும். துணி வெளியே வந்ததும் பாருங்கள், முதல் இழுவையில் பச்சை கலந்த கோடு இருக்கும். துணியில் காய்ந்த இடமாகப் பார்த்து மடித்து இன்னும் ஒரு தடவை இழுங்கள். ட்யூனிங் ஸ்லைடின் வளைவுக்குள்ளும் அதே துணியை விடலாம், ஆனால் விளிம்பிலுள்ள கிரீஸை முதலில் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கிரீஸ் துணியில் ஏறி, அடுத்த நாள் லீட்பைப்புக்குள் பூசப்படும்.

இந்தத் துணி கடையில் கிடைக்கும், வீட்டிலும் செய்யலாம். பழைய வேட்டி அல்லது சாரம், பல தடவை துவைத்து நூல் உதிராத பருத்தித் துணி, அதில் ஒரு சின்னத் துண்டு. உறுதியான மெல்லிய நைலோன் கயிறு. பாரத்துக்குத் தூண்டில்காரர்கள் போடும் ஈயக்குண்டில் மிகச் சின்னதை எடுத்து, அதை றப்பர் குழாய்த் துண்டாலோ துணியாலோ முழுதாக மூடிக் கட்டுங்கள், வெறும் உலோகம் பித்தளையில் உரசக் கூடாது. கடையில் விற்பவை பலவற்றில் இல்லாத ஒன்றையும் நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம்: துணியின் இரண்டு பக்கமும் கயிறு. முன்பக்கக் கயிற்றில் இழுக்கிறீர்கள், நடுவில் இறுகினால் பின்பக்கக் கயிற்றைப் பிடித்து வந்த வழியே திரும்ப எடுத்துவிடலாம். பின்கயிறு இல்லாமல் அடைத்துக்கொண்ட துணியை எடுக்கக் கம்பியால் குத்தப் போய்க் குழாயைக் கீறிய கதைகள் பாண்ட் குழுக்களில் நிறைய உண்டு.

துடைத்தபின் கழற்றியதை எல்லாம் உடனே பூட்டாமல், ஒரு துண்டை விரித்து அதன்மேல் வைத்துவிட்டு நோட்ஸ் தாள்களை அடுக்குங்கள், கதிரைகளை ஒதுக்குங்கள், பேசுங்கள். அரை மணித்தியாலம் கிடைத்தால் மிக நல்லது. மின்விசிறிக் காற்று போதும், வெயில் வேண்டாம், மூடிய வாகனத்துக்குள் விட்டுவிட்டுப் போவது அறவே வேண்டாம்.

நனைந்த துணியை மட்டும் கேஸுக்குள் போடாதீர்கள். இதைத்தான் அதிகம் பேர் செய்கிறார்கள். இவ்வளவு நேரம் குழாயிலிருந்து எடுத்த ஈரத்தை அப்படியே வாத்தியத்தோடு சேர்த்துப் பூட்டி வைக்கிற வேலை அது, மூன்று நாளில் கேஸின் உட்துணியில் பூஞ்சணம் பிடித்துவிடும். துணியைப் பைக்கு வெளியே கட்டிக்கொண்டு போங்கள், வீட்டில் கழுவிக் காயப்போடுங்கள். கேஸுக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைக்கலாம், சப்பாத்துப் பெட்டியில் வருவதே போதும், ஆனால் அது ஈரம் குடித்துக் களைத்துவிடும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல வெயில் நாளில் வெறும் கேஸை மட்டும் திறந்து மொட்டைமாடியில் காயவையுங்கள்.

வாரத்துக்கு ஒரு தடவை இதற்கு மேல் ஒரு படி போகலாம், பத்து நிமிட வேலை. மவுத்பீஸை இளஞ்சூட்டுத் தண்ணீரிலும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டிலும் போட்டு, அதற்கான கூம்பு பிரஷால் வால்பக்கமிருந்து தேய்த்துக் கழுவுங்கள். வட்டமாக ஒரு வெள்ளைப் படை விளிம்பின் உட்பக்கத்தில் இருக்கும், அது போகும் வரை. பிறகு ட்யூனிங் ஸ்லைடைக் கழற்றிவிட்டு, லீட்பைப்பை மட்டும் குழாய்த் தண்ணீரில் அலசலாம். முன்பக்கம் தாழ்த்திப் பிடித்தால் மவுத்பீஸ் பக்கம் விட்ட தண்ணீர் முன்னால் வெளியேறிவிடும், வால்வுக்குப் போகாது. வளையக்கூடிய நீண்ட பிரஷை இரண்டு தடவை ஓட்டி, திரும்ப அலசி, துணி இழுத்துக் காயவையுங்கள். காய்ந்தபின் லீட்பைப்புக்குள் இரண்டு மூன்று சொட்டு வால்வ் ஒயில் விட்டு, எல்லாவற்றையும் பூட்டி, மெல்ல ஊதுங்கள். உட்சுவரில் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் அழுக்கு லேசில் ஒட்டாது.

வால்வுகளை ஒவ்வொன்றாக எடுங்கள், மூன்றையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பாதீர்கள். நூல் உதிராத துணியால் துடைத்து, கீழ்மூடியைத் திருகி எடுத்து அதற்குள் தேங்கிய கறுப்பு எண்ணெயையும் துடைத்து, மூன்று நான்கு சொட்டுப் புது ஒயில் விட்டுத் திரும்ப இறக்குங்கள். வால்வுக்கும் அதன் உறைக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு தலைமயிரின் தடிப்பைவிடக் குறைவு, ஒரு பஞ்சு நூல் கூட அங்கே சிக்கிக்கொள்ளும். வால்வில் எண் பொறித்திருக்கும், 1 என்பது உங்கள் முகத்துக்குக் கிட்ட இருப்பது. மாறிப் போட்டால் காற்றே போகாது.

உள்ளே விடக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்து வால்வை இறுக்கும். தையல் மெஷின் ஒயில் தடிப்பு, ட்ரம்பெட் வால்வுக்குச் சரிவராது. குத்துவிளக்குத் துலக்கும் புளியும் தேசிக்காயும் விளக்குக்கு நல்லவை, இங்கே வேண்டாம், அந்தப் புளிப்பு மெல்லிய குழாயின் உலோகத்தை அரிக்கும். பிராசோ போன்ற உலோகப் பாலிஷ் குழாய்க்குள் போகவே கூடாது, வெளியேயும் லாக்கர் பூசியிருந்தால் வேண்டாம். கொதிதண்ணீர் லாக்கரை உரித்துவிடும். ஸ்லைட் கிரீஸ் கைவசம் இல்லாத நாளில் கொஞ்சம் வாஸ்லின் பூசிச் சமாளிக்கலாம், ஆனால் வால்வில் வேண்டாம்.

ட்ரொம்போன்காரர்கள் உள் ஸ்லைடை ஒவ்வொரு நாளும் துடைத்தாக வேண்டும். வெளி ஸ்லைடின் உட்பக்கத்துக்குத் துப்புரவுக் கம்பி இருக்கிறது, அதன் நுனி முதல் அடி வரை உலோகம் தெரியாமல் துணி சுற்றுங்கள். எந்தக் குழாயைத் துடைக்கிறீர்களோ அதே குழாயைப் பிடியுங்கள். மற்றதைப் பிடித்தால் இரண்டும் கோணி, பிறகு ஸ்லைட் ஓடாது. ஃப்ரெஞ்ச் ஹோர்னின் சுழல் வால்வை வீட்டில் கழற்றாதீர்கள், ஸ்லைடுகளை எடுத்துக் கவிழ்த்துத் தண்ணீரை வடிப்பதோடு நிறுத்துங்கள். யூஃபோனியம், டியூபாவுக்கு லீட்பைப் வளைவாக இருப்பதால் நீண்ட வளையும் பிரஷ்தான் வேண்டும்.

பாடசாலை பாண்ட் வாத்தியக் குழுவில் ஒரே ட்ரம்பெட்டை இரண்டு மூன்று பிள்ளைகள் மாறி மாறி வாசிப்பார்கள். மவுத்பீஸாவது ஆளுக்கொன்று இருக்கட்டும், பெற்றோரிடம் கேட்டு வாங்கக்கூடிய பொருள்தான். முடியாதபோது சோப்புப் போட்டுக் கழுவாமல் கைமாற்றாதீர்கள். இது வெறும் அருவருப்பு சம்பந்தப்பட்டதில்லை. 2010இல் 'செஸ்ட்' என்ற மருத்துவ இதழில் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு ட்ரொம்போன் கலைஞரைப் பற்றி எழுதினார்கள். வருடக்கணக்காக அவருக்கு விடாத இருமல். அவருடைய ட்ரொம்போனுக்குள் பக்டீரியாவும் பூஞ்சணமும் வளர்ந்திருந்தன. வாத்தியத்தை ஒழுங்காகச் சுத்தம் செய்யத் தொடங்கியபின் இருமல் போய்விட்டது. இப்படி நடப்பது அபூர்வம், ஆனாலும் வாசிக்கும் பிள்ளைக்கு நீண்ட நாள் இருமல் இருந்தால் மருத்துவரிடம் போகும்போது வாத்தியத்தைப் பற்றியும் சொல்லுங்கள்.

இவ்வளவு செய்தும் சில நேரம் கைக்கு அடங்காது. ஸ்லைட் இறுகிவிட்டால், மவுத்பீஸ் சிக்கிக்கொண்டால் குறடு எடுக்காதீர்கள், சுத்தியலால் தட்டாதீர்கள். மவுத்பீஸ் எடுப்பதற்கென்றே ஒரு கருவி உண்டு, பாண்ட் மாஸ்டரிடம் அல்லது வாத்தியம் திருத்துபவரிடம் இருக்கும். லீட்பைப்பில் நான் முன்பு சொன்ன இளஞ்சிவப்பு வட்டம் தெரிந்தாலும் திருத்துபவரிடமே காட்டுங்கள். ஒன்றிரண்டு புள்ளி என்றால் இன்னும் பல காலம் வாசிக்கலாம், ஓட்டை விழும் நிலை என்றால் லீட்பைப்பை மட்டும் மாற்றலாம், முழு வாத்தியத்தையும் தூக்கிப் போடத் தேவையில்லை.