பள்ளி நூலகத்தைச் சீரமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி நூலகத்தைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று யார் சொன்னாலும், பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். பல அரசுப் பள்ளிகளில் அது தலைமையாசிரியரின் மேசை இழுப்பறையில் இருக்கும். அவர் வட்டார அளவிலான கூட்டத்துக்குப் போய்விட்டால் அன்றைக்கு நூலகம் கிடையாது. கண்ணாடிக் கதவு போட்ட பீரோவாக இருந்தால், பிள்ளைகள் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு வெளியில் நின்றபடியே தலைப்புகளை வாசித்துப் பார்ப்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. சுவரில் ஓவியம் வரைந்து, வண்ண நாற்காலி வாங்கிப் போட்டு, புத்தகத்தை மட்டும் பழைய பீரோவிலேயே வைத்துப் பூட்டுவதுதான் சீரமைப்பில் நான் பார்க்கும் மிகப் பெரிய தவறு.

இதில் ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. புத்தகம் தொலைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டும், கைக்காசு போக வேண்டும் என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது. ஆனால் புழங்கும் புத்தகம் கொஞ்சம் தொலையத்தான் செய்யும் என்று அரசாங்கமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215ஆம் விதியைப் பாருங்கள். ஒரு வருடத்தில் வழங்கப்பட்ட அல்லது எடுத்துப் பார்க்கப்பட்ட புத்தகங்களில் ஆயிரத்துக்கு ஐந்து வரை தொலைவதை நியாயமான இழப்பாகக் கருதலாம் என்கிறது; முறைகேடோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமோ அரிய புத்தகமோ தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். மாநில அரசுப் பள்ளிகளை இந்த விதி நேரடியாகக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இதை எடுத்துச் சொல்லி, தொலைந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே ஒரு தீர்மானம் போட்டுக்கொண்டால், பொறுப்பாசிரியர் நிம்மதியாகப் பூட்டைத் திறப்பார். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் முதல் விதியே புத்தகம் பயன்படுவதற்குத்தான் என்பது. இது நம் ஊர்க்காரர் சொன்னது என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு.

பீரோவிலிருந்து வெளியே எடுத்த புத்தகங்களை எதில் வைப்பது? இங்கேதான் அடுத்த தவறு. கடையில் கிடைக்கும் ஆறரை அடி இரும்பு ராக்கை அப்படியே வாங்கி வைத்துவிடுவார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மேல்தட்டுகள் எட்டவே எட்டாது. எட்டாத தட்டில் இருக்கும் புத்தகமும் பூட்டிவைத்த புத்தகமும் ஒன்றுதான். தொடக்கப் பள்ளிக்கு நான்கு அடிக்கு மேல் ராக் வேண்டாம், உயர்நிலைப் பள்ளிக்கு ஐந்தரை அடி போதும். ஏற்கெனவே உயரமான ராக் இருந்தால் புதிதாக வாங்கத் தேவையில்லை. ஓட்டை போட்ட ஆங்கிள் ராக்காக இருந்தால் போல்ட்டைக் கழற்றி, நிற்கும் கம்பிகளைப் பாதியாக அறுத்து, ஒன்றை இரண்டு சிறு ராக்காக மாட்டிக்கொள்ளலாம். உள்ளூர் வெல்டிங் பட்டறையில் அரை நாள் வேலை. அறுத்த முனையில் ரப்பர் புஷ் போட மறக்க வேண்டாம், பிள்ளைகள் காலில் குத்தும். சுவரோடு ஒரு கொக்கி மாட்டிவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் ராக்கில் ஏறத்தான் செய்வார்கள்.

பழைய கட்டடங்களில் சுவருக்குள் பதித்த கடப்பா கல் அலமாரி இருக்கும். காசு மிச்சம் என்று அதையே நூலகமாக்குவார்கள். அதன் ஆழம் ஒன்றரை அடி வரை இருப்பதால் புத்தகங்கள் இரண்டு வரிசையாகப் போய், பின்வரிசை வருடக்கணக்கில் கண்ணில் படாது. அது வெளிச்சுவராக இருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் இறங்கி அட்டை பூத்துவிடும். புத்தகத்துக்கு ஒன்பது, பத்து அங்குல ஆழம் தாராளம். ராக்கைச் சுவரில் ஒட்டாமல் நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள், அடித்தட்டு தரையிலிருந்து அரை அடி மேலே இருக்கட்டும். கரையானும் தரை கழுவுகிற தண்ணீரும் முதலில் தொடுவது அடித்தட்டைத்தான். மரத்தட்டு என்றால் நீளம் மூன்றடியைத் தாண்ட வேண்டாம். நெருக்கி அடுக்கினால் அந்த மூன்றடியிலேயே இருபது கிலோவுக்கு மேல் பாரம் ஏறும்.

வெளிச்சத்தைப் பற்றி யோசிப்பதே கிடையாது. இருக்கிற இரண்டு ஜன்னலையும் மறைத்து ராக் வைத்துவிட்டு, பகலிலேயே டியூப்லைட் போட்டுக்கொள்கிறோம். அந்த டியூப்லைட்டும் ராக்கின் தலைக்கு நேர் மேலே இருக்கும். வெளிச்சம் மேல்தட்டோடு நின்றுவிடும், கீழ்த்தட்டு இருட்டு. விளக்கு இரண்டு ராக்குகளுக்கு நடுவே, நடைவழியின் போக்கிலேயே ஓட வேண்டும். மின்விசிறியின் இறக்கைக்கு மேலே விளக்கு இருந்தால் புத்தகப் பக்கத்தின் மேல் நிழல் சுழன்று கண்ணைக் கூச வைக்கும், அதையும் பார்த்து மாட்டச் சொல்லுங்கள். மேற்கு ஜன்னல் பக்கம் புத்தகம் வேண்டாம். மதிய வெயிலில் அட்டை வெளிறி, தாள் பழுப்பேறிவிடும். ஜன்னல் ஓரத்தைப் பிள்ளைகள் உட்கார விடுவதுதான் நல்லது.

தமிழ்ப் பள்ளிகளுக்கே உரிய இன்னொரு விஷயம். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த நுழை, நட, ஓடு, பற வரிசைப் புத்தகங்கள் எல்லாம் நடுவில் பின் அடித்த மெல்லிய புத்தகங்கள். அவற்றுக்கு முதுகே கிடையாது. ராக்கில் நிமிர்த்தி அடுக்கினால் காகிதக் கற்றையாகத்தான் தெரியும், எந்தப் பிள்ளையும் கைவைக்காது. கயிறு கட்டித் தொங்கவிட்டால் சில மாதத்தில் நடுப்பக்கம் பின்னோடு கழன்றுவிடும். சுவரில் மூன்றங்குல அகலப் பலகை அடித்து, விழாமலிருக்க முன்னால் ஒரு ரீப்பர் கட்டை வைத்து, அட்டை தெரிய நிறுத்துங்கள். ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களுக்கும் அதே இடம்தான் சரி.

எண் முறையிலும் கவனம் வேண்டும். புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் கொடுக்கும் டியூயி முறையை அப்படியே போட்டால் தமிழ்க் கதை, கவிதை, நாடகம் எல்லாமே 894.811 என்ற ஒரே எண்ணுக்குக் கீழே வந்து குவியும். ஆறாம் வகுப்பு மாணவி அதில் பேய்க்கதையைத் தேடி எடுப்பது எப்படி? பதிவேட்டில் எண் இருக்கட்டும். ராக்கில் வண்ண டேப் ஒட்டி, கதை, அறிவியல், வாழ்க்கை வரலாறு, விளையாட்டு என்று பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

நன்கொடைப் புத்தகங்களை வேண்டாம் என்று சொல்ல எல்லோருக்கும் சங்கடம். விளைவு, பழைய நோட்ஸும், தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்று சொல்லும் பொது அறிவுப் புத்தகமும் நல்ல தட்டுகளைப் பிடித்துக்கொள்கின்றன. இப்போது 38 மாவட்டங்கள். தப்பான தகவலை நாமே பிள்ளை கையில் கொடுக்கிறோம். பதிவேட்டிலிருந்து நீக்க அனுமதி வரத் தாமதமாகலாம், அதுவரை அட்டைப்பெட்டியில் போட்டு எழுதி ஒதுக்கி வைக்கலாமே.

அறையின் நடுவே பெரிய மேசை போடாதீர்கள். போட்டால் அந்த அறை கூட்ட அறையாகும், அப்புறம் ஜூன் மாதம் விலையில்லாப் பாடநூல் கட்டுகள் வந்து இறங்கும், மீண்டும் நூலகமாக ஆகஸ்டு ஆகிவிடும். 20க்கு 20 அடி அறையில் நாற்பது நாற்காலி போட்டால் நடக்க இடமிருக்காது. சின்ன வகுப்புகளுக்கு ஜமுக்காளம், பெரிய வகுப்புகளுக்குச் சுவரோரம் பெஞ்சு. ராக்குகளுக்கு நடுவே மூன்றடி விடுங்கள், சக்கர நாற்காலி போக வேண்டும். அதனாலேயே மாடியில் இருக்கும் காலி அறையைவிடத் தரைத்தள அறையே நல்லது. கணினி வைப்பதானால் வாசல் பக்கம் வையுங்கள், உள்ளே வேண்டாம்.

கடைசியாகப் பணம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் நூலக மானியம் பள்ளியின் நிலையைப் பொறுத்து வருடத்துக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரைதான். அது புத்தகத்துக்கானது. அறை வேலைக்கு முன்னாள் மாணவர்களையோ, அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தையோ நாட வேண்டியிருக்கும். கொடுப்பவர்கள் பெரும்பாலும் பெயிண்ட் அடித்துத் தரவே முன்வருவார்கள், போட்டோவில் தெரிவது அதுதான். அவர்களிடம் பட்டியலைக் கையில் கொடுத்துவிடுங்கள்: ஒழுகும் கூரை முதலில், அடுத்தது எலக்ட்ரீஷியன், பிறகு ராக், மிச்சமிருந்தால் பெயிண்ட். ராக் எங்கே வரும் என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, சின்ன வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரை நடக்கவிட்டுப் பார்த்த பிறகு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.