கடைசிப் பக்கத்துக்கு முன்னால் நிறுத்துங்கள்

குழந்தைக்குப் படக்கதை வாசிக்கும்போது கடைசிப் பக்கத்துக்கு முன்னால் புத்தகத்தை மூடிவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு விடை புத்தகத்தில் இருக்கக் கூடாது. உங்களிடமும் இருக்கக் கூடாது.

சென்ற மே மாதம், சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அண்ணன் பிள்ளைகள் இருவருக்கு ஒரு கதை வாசித்தேன். பக்கத்து வீட்டு மாம்பழம் தெருவில் விழுகிறது. ஒரு சிறுமி எடுத்துக்கொள்கிறாள். "பழம் யாருடையது?" என்றேன். "மரம் வைத்தவருடையது" என்றான் பெரியவன். ஐந்து வயதுச் சின்னவள் படத்திலிருந்த மரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்து, "மரத்துடையது அத்தை. அதுதானே காய்த்தது?" என்றாள். இடையில் நான் வாய் திறந்திருந்தால் இந்தப் பதில் கிடைத்தே இருக்காது.

உடனே "சபாஷ்" சொல்லிவிடாதீர்கள். பாராட்டியதும் யோசனை நின்றுவிடும். "ஏன் அப்படி?" என்று கேளுங்கள். பிறகு நிலைமையைச் சற்றே மாற்றுங்கள்: பழம் மதிலுக்கு உள்ளே விழுந்திருந்தால்? சிறுமி பசியோடு இருந்திருந்தால்? "கதையின் நீதி என்ன?" என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். அது பரீட்சை.

அமெரிக்கப் பேராசிரியர் மாத்யூ லிப்மன் 1970களில் இப்படிக் கதை வாசித்து, கேள்வி கேட்டு, சேர்ந்து யோசிக்கும் 'குழந்தைகளுக்கான தத்துவம்' என்ற முறையை வகுப்பறைக்குக் கொண்டுவந்தபோது, அதற்கென்றே கதைகள் எழுதினார். நமக்கு அவ்வளவு வேண்டாம். நேஷனல் புக் டிரஸ்ட், துலிகா ஆகியவை தமிழில் படக்கதைகள் வெளியிடுகின்றன. சொல் குறைந்து, படம் பெரிதாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

எங்கள் மாம்பழக் கதையின் கடைசிப் பக்கத்தை மறுநாள் மாலைதான் திறந்தோம்.