சமையல் மேடையில் தண்டால்: வீட்டில் உடற்பயிற்சியைத் தொடங்குவது எப்படி

ஜிம்மில் சுமையைக் கூட்டவும் குறைக்கவும் இரும்புத் தட்டுகள் இருக்கின்றன. வீட்டில் அந்த வேலையைச் செய்வது உயரம். தரையில் கை ஊன்றித் தண்டால் எடுக்கும்போது உடம்பு எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இறங்குகிறது. முட்டியை ஊன்றிக்கொண்டால் பாதியாகக் குறைகிறது. இரண்டடி உயரத் திண்டில் கை வைத்தால் சுமார் 40 சதவீதம்தான். அதாவது 70 கிலோ எடையுள்ளவர் தரையில் 45 கிலோவைத் தள்ளுகிறார். திண்டில் தள்ளுவது 28 கிலோ. சமையல் மேடையில் அதைவிடக் குறைவு, சுவரில் மிகமிகக் குறைவு.

முதல் நாளே தரையில் இறங்கி, மூன்றாவது தண்டாலில் இடுப்பு தொங்கி, 'இதெல்லாம் நமக்கு ஒத்துவராது' என்று பாயைச் சுருட்டி வைப்பவர்கள் நிறைய. அவர்களுக்கு ஒத்துவராதது தண்டால் அல்ல, அந்த உயரம். கீழே உள்ள முறை முழுக்க இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. வாரம் மூன்று நாள், ஒரு நாளைக்கு 25 நிமிடம். தேவையானவை ஒரு நாற்காலி, சமையல் மேடை, பள்ளிக்கூடப் பை, பாய்.

முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

இதயக் கோளாறு உள்ளவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் பிரசவமோ அறுவை சிகிச்சையோ ஆனவர்கள், நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ தலைச்சுற்றலோ வருபவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும், சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும் பயிற்சியின்போது சர்க்கரை அளவு தாழ்ந்துவிடலாம். கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, கண் இருட்டல் ஆகியவை அதன் அடையாளம். வெறும் வயிற்றில் செய்யாதீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும்.

இடமும் உடையும்

ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். ஆனால் டைல்ஸ் தரையில் கோரைப்பாய் வழுக்கும், ஜமக்காளம் அதைவிட வழுக்கும். அதனால் நின்று செய்யும் பயிற்சிகளை வெறுந்தரையில் வெறுங்காலோடு செய்யுங்கள். பாய் படுத்துச் செய்வதற்கு மட்டும். வியர்வை சொட்டிய தரையை உடனே துடைக்க ஒரு துண்டு பக்கத்தில் இருக்கட்டும். காலுறை மட்டும் போட்டுக்கொண்டு நிற்கவே வேண்டாம்.

நைட்டியும் வேட்டியும் காலில் மாட்டும். சுடிதார் பேன்ட், டிராக் பேன்ட், அரைக்கால் சட்டை எதுவானாலும் சரி, துப்பட்டாவை மட்டும் கழற்றி வையுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டை மாடிக்கு மாலை 5 மணிக்குப் போனால் தளம் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். விடிகாலை மாடியில், மற்ற நேரம் மின்விசிறிக்கு அடியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்தி நிறைய வியர்த்தால் கொழுப்பு அதிகம் கரையும் என்பது வெறும் நம்பிக்கை. கரைவது தண்ணீர், குடித்தால் திரும்பி வந்துவிடும்.

உடம்பைச் சூடேற்ற 5 நிமிடம்

நின்ற இடத்தில் 2 நிமிடம் கைவீசி நடங்கள். தோள்பட்டையை முன்னும் பின்னும் பத்துப் பத்து முறை சுழற்றுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் முன்பின்னாகப் பத்து முறை வீசுங்கள். குதிகாலை உயர்த்தி இறக்குவது 15 முறை. காலைத் தூக்கி மேசைமேல் வைத்து அழுத்தி நீட்டும் வேலை இப்போது வேண்டாம். அது பயிற்சி முடிந்தபிறகு, உடம்பு சூடாக இருக்கும்போது.

பயிற்சி 1: நாற்காலியில் உட்கார்ந்து எழுதல்

பஸ்கியும் தோப்புக்கரணமும் இதன் முழு வடிவம். அங்கே போக அவசரமில்லை.

நாற்காலியின் முதுகு சுவரை ஒட்டி இருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் நகர்வதுதான் இந்தப் பயிற்சியில் வரும் முக்கியமான விபத்து. நாற்காலிக்கு முன்னால் தோள் அகலத்துக்குக் கால் வைத்து, விரல்களைச் சற்றே வெளிப்பக்கம் திருப்பி நில்லுங்கள். கைகளை முன்னால் நீட்டி, பின்னால் இருக்கும் இருக்கையைப் புட்டத்தால் தேடுவதுபோல மூன்று எண்ணும் நேரம் எடுத்து இறங்குங்கள். இருக்கையைத் தொட்டதும் மூச்சை விட்டபடி குதிகாலை அழுத்தி எழுங்கள்.

கடைசி நான்கு விரற்கடையில் பொத்தென்று விழுகிறீர்களா? அந்த உயரம் இன்னும் உங்களுக்கு வசப்படவில்லை. ஜமக்காளத்தை நான்காக மடித்து இருக்கைமேல் போட்டு உயர்த்துங்கள். தலையணை வேண்டாம், அமுங்கிவிடும். அப்போதும் முடியாவிட்டால் கைப்பிடியுள்ள நாற்காலியில் லேசாகக் கையை ஊன்றி எழுங்கள்.

முட்டி இரண்டும் உள்பக்கம் சாய்ந்தால் முட்டியில் வலி எடுக்கும். பாதத்தின் இரண்டாவது விரல் எந்தத் திசையோ அந்தத் திசையில் முட்டி போக வேண்டும். முட்டி கால் விரலைத் தாண்டினால் தேய்ந்துவிடும் என்று சொல்வார்கள். படி இறங்கும்போது தினமும் தாண்டத்தான் செய்கிறது, கவலை வேண்டாம். குதிகால் தரையை விட்டு எழும்பினால் காலை இன்னும் இரண்டு விரற்கடை அகட்டிப் பாருங்கள்.

பயிற்சி 2: மேடைத் தண்டால்

அடுப்பு அணைந்திருக்க வேண்டும், மேடையில் எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் மேசையிலும் சக்கரம் வைத்த எதிலும் கை ஊன்றாதீர்கள்.

மேடை விளிம்பைத் தோள் அகலத்தைவிடச் சற்று அகலமாகப் பிடியுங்கள். தலை முதல் குதிகால் வரை உடம்பு சாய்த்து வைத்த ஏணிபோல் ஒரே கோடாக வரும்வரை காலைப் பின்னால் நகர்த்துங்கள். நெஞ்சின் கீழ்ப்பகுதி விளிம்பைத் தொடும் அளவுக்கு இறங்கி, மூச்சை விட்டபடி தள்ளி எழுங்கள். முழங்கை இரண்டும் பக்கவாட்டில் சிலுவைபோல் விரியக் கூடாது. விலாவிலிருந்து 45 பாகை அளவுக்குத் திறந்தால் போதும். விரித்துச் செய்தால் தோள்பட்டையின் முன்பக்கம் நாலைந்து நாளில் முனகத் தொடங்கும்.

தலை மட்டும் மேடைக்குப் போய், நெஞ்சு எட்டவே இல்லை என்றால் சுமை அதிகம் என்று பொருள். சுவருக்குப் போங்கள். சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நின்று தொடங்கலாம். மணிக்கட்டு வலிப்பவர்களுக்கும் மேடை நல்லது. விளிம்பைப் பிடிப்பதால் மணிக்கட்டு தரையில் மடங்கும் அளவுக்கு மடங்குவதில்லை.

பயிற்சி 3: பையை இழுத்தல்

வீட்டுப் பயிற்சியில் எல்லாரும் விட்டுவிடுவது முதுகை. தள்ளுவதற்குச் சுவர் இருக்கிறது, இழுப்பதற்கு ஒன்றும் இல்லை. கதவுக் கைப்பிடியில் துண்டைக் கட்டி இழுக்கும் வித்தைகளைக் காணொளிகளில் காட்டுகிறார்கள். வாடகை வீட்டுக் கதவின் திருகாணியை நம்பி உடம்பைச் சாய்ப்பது புத்திசாலித்தனமில்லை.

பள்ளிக்கூடப் பையில் தண்ணீர் நிரப்பிய 1 லிட்டர் பாட்டில்கள் மூன்றைப் போடுங்கள். 3 லிட்டர் தண்ணீர் 3 கிலோ, எடைக்கல் தேவையில்லை. உருளாமல் இருக்க ஒரு துண்டைச் சுற்றித் திணியுங்கள். இடது கையைக் கட்டில் விளிம்பிலோ நாற்காலி இருக்கையிலோ ஊன்றி, முட்டியை லேசாக மடக்கி, இடுப்பிலிருந்து குனியுங்கள். முதுகு கூன் போடாமல் நேராக இருக்கட்டும். வலது கையில் பையின் மேல்பிடியைப் பிடித்து, முழங்கையை இடுப்பை நோக்கிப் பின்னால் இழுங்கள். மேலே ஒரு நொடி நிறுத்தி, மூன்று எண்ணி இறக்குங்கள். பிறகு கை மாற்றுங்கள்.

பை காதை நோக்கி எழும்பினால் கழுத்துதான் வேலை செய்கிறது. உடம்பைத் திருப்பி வீசித் தூக்கினால் ஒரு பாட்டிலைக் குறையுங்கள். சுலபமானால் ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். பிறகு 5 கிலோ அரிசிப் பையே பைக்குள் போகலாம், வீட்டில் சமைப்பவர் சம்மதித்தால்.

பயிற்சி 4: இடுப்பைத் தூக்குதல்

பாயில் மல்லாந்து படுத்து முட்டியை மடக்குங்கள். குதிகால் புட்டத்திலிருந்து ஒன்றரைச் சாண் தொலைவில் இருக்கட்டும். குதிகாலை அழுத்தி இடுப்பைத் தூக்கி, தோளிலிருந்து முட்டிவரை ஒரே கோடானதும் இரண்டு நொடி நிறுத்தி இறக்குங்கள். வேலை புட்டத்தில் தெரிய வேண்டும். கீழ்முதுகில் தெரிந்தால் தேவைக்கு மேல் தூக்குகிறீர்கள். பின்தொடையில் 'நரம்பு இழுத்துக்கொண்டால்' (இழுப்பது நரம்பல்ல, தசை) குதிகால் தள்ளி இருக்கிறது, அருகே கொண்டுவாருங்கள்.

பயிற்சி 5: பிளாங்க்

முழங்கைகளைக் கட்டில் விளிம்பில் ஊன்றி, காலைப் பின்னால் நீட்டி, உடம்பைப் பலகைபோல் வைத்து 15 நொடி. மெத்தை அமுங்கும் என்றால் மெத்தையை விலக்கிச் சட்டத்தின்மேல் துண்டை மடித்துப் போட்டு ஊன்றுங்கள். இடுப்பு தொங்கினால் முதுகு வலிக்கும், கூடாரம்போல் எழும்பினால் வேலையே நடக்காது. மூச்சைப் பிடித்துவைக்காமல் மெதுவாக எண்ணிக்கொண்டே இருங்கள். எண்ண முடிந்தால் மூச்சு ஓடுகிறது. மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். 30 நொடி ஒழுங்காக நிற்க வந்ததும் நேரத்தை நீட்டாதீர்கள், உயரத்தைக் குறைத்துத் தரைக்கு இறங்குங்கள்.

எத்தனை முறை?

ஐந்தையும் வரிசையாக, ஒவ்வொன்றும் 8 முறை. பிளாங்க் மட்டும் 15 நொடி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு. இது ஒரு சுற்று. முதல் இரண்டு வாரம் இரண்டு சுற்று, மூன்றாம் வாரம் முதல் மூன்று சுற்று. திங்கள், புதன், வெள்ளி என்று ஒருநாள் விட்டு ஒருநாள் வைத்துக்கொண்டால் தசைக்கு ஓய்வு கிடைக்கும்.

எட்டாவது முறை முடிந்ததும் 'இன்னும் இரண்டு மூன்று எடுக்கலாம்' என்று தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் உயரத்தைக் கூட்டுங்கள். இன்னும் பத்து எடுக்கலாம் என்று தோன்றினால் குறையுங்கள். எண்ணிக்கையை மெல்ல 12 வரை ஏற்றுங்கள். அடுத்தடுத்த இரண்டு நாள் எல்லாச் சுற்றிலும் 12 ஒழுங்காக வந்துவிட்டால் ஒரு படி இறங்கலாம்: சுவரிலிருந்து மேடை, மேடையிலிருந்து கட்டில், கட்டிலிலிருந்து மாடிப்படியின் இரண்டாம் படி, அதன்பின் தரை. இறங்கிய அன்று எண்ணிக்கை மறுபடி 8, சிலருக்கு 6. அது பின்னடைவு அல்ல, சுமை கூடியிருக்கிறது.

எல்லாப் பயிற்சியும் ஒரே வேகத்தில் இறங்காது. இடுப்பைத் தூக்குவது மூன்றாம் வாரமே சுலபமாகிவிடும், ஒற்றைக் காலில் செய்ய வேண்டியிருக்கும். தண்டாலோ மேடையிலேயே இரண்டு மாதம் நிற்கலாம். தினசரி காலண்டர் தாளில் 'தண்டால், மேடை, 10-9-8' என்று குறித்து வைத்தால்தான் போன வாரம் எந்த உயரத்தில் நின்றோம் என்பது தெரியும்.

மறுநாள் வலி

முதல் வாரம் படியில் இறங்கும்போது தொடை பிடித்துக்கொள்ளும். பயிற்சி முடிந்து 24 முதல் 72 மணி நேரத்துக்குள் இது உச்சமாகி, தானே அடங்கும். அடங்கும்வரை படுத்தே கிடப்பதைவிட லேசாக நடப்பது நல்லது. சதையில் பரவலாக, அழுத்தினால் நோகும் வலி என்றால் பயமில்லை. மூட்டுக்குள் ஊசி குத்துவதுபோல் ஓரிடத்தில் வரும் வலி வேறு வகை. வீக்கம், மரத்துப்போதல், கால்வழியே ஓடும் வலி ஆகியவையும் அப்படித்தான். உடனே நிறுத்துங்கள், குறையாவிட்டால் காட்டுங்கள். செய்யும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் காத்திருக்கவே வேண்டாம், 108.

நண்பர்கள் பந்தயம் கட்டினார்கள் என்று பழக்கமில்லாத உடம்பில் ஒரே நாளில் 200 பஸ்கி போடுவது வீரமல்ல. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் அளவுக்குப் போகலாம். கடும் வலியோடு சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் வந்தால் அது மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம்.

மற்ற நாட்களில் நடை

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. தசைப் பங்கு மேலே முடிந்தது. மீதிக்கு வேகநடை. பேச முடியும், பாட முடியாது என்ற வேகம் சரியான வேகம். தொடக்கத்தில் 10 நிமிடம் போதும்.

சாப்பாடு

முழுச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் விடுங்கள். காலையில் செய்பவர்கள் அரை மணி முன்னால் ஒரு வாழைப்பழம் சாப்பிடலாம். தசை வளரப் புரதம் வேண்டும்: முட்டை, மீன், சுண்டல், பயறு, தயிர். எடை குறைப்புக்காக மட்டும் தொடங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 25 நிமிடத்தில் செலவாவது ஏறக்குறைய 100 கலோரி. முடிந்ததும் இரண்டு மெதுவடை உள்ளே போனால் கணக்கு தாண்டிவிடும். வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்பதும் நடக்காத காரியம்.

விட்டுப்போனால்

வெளியூர்க் கல்யாணம், பரீட்சை, மாதவிடாய் வலி என்று ஒரு வாரம் விட்டுப்போனால் விட்ட உயரத்திலேயே 8 முறையோடு தொடருங்கள். விட்ட நாட்களுக்குச் சேர்த்து இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம். காய்ச்சலில் படுத்து எழுந்தவர்கள் காய்ச்சல் விட்டதும் அல்ல, வழக்கம்போல் சாப்பிட்டு, படியேறினால் மூச்சு வாங்காத நிலை வந்தபிறகே தொடங்குங்கள். தரையில் தண்டால் எடுத்தவராக இருந்தாலும் முதல் நாள் மேடையில், ஒரே ஒரு சுற்று.