உடனே "சரி" சொல்லாதீர்கள்

மனசுக்கு ஒப்பாத விஷயத்துக்கு "சரி" சொல்லிவிட்டு அப்புறம் உள்ளுக்குள் புழுங்குகிறவர்களுக்காக இது. கடலூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை சில்வர் பீச்சுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருப்போம், சனிக்கிழமை கேன்டீனில் கூட வேலை பார்க்கும் ஒருவர் டீ கிளாஸோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து "அண்ணே, நாளைக்கு என் ஷிஃப்டைக் கொஞ்சம் பார்த்துக்கோங்களேன்" என்று கேட்டால் முகத்துக்கு நேரே மறுக்க வாய் வராது. அப்போது "யோசிச்சுட்டு எட்டு மணிக்குள்ள சொல்றேன் தம்பி" என்று மட்டும் சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு நீங்களே கூப்பிட்டுப் பேசிவிட வேண்டும், இது ரொம்ப முக்கியம், முடியாது என்பதைவிட இழுத்தடிப்பதுதான் அதிகம் கோபமூட்டும். காய்ச்சல், கல்யாணம் என்று பொய்க் காரணம் வேண்டாம். "பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துட்டேன், இந்த வாரம் முடியாது, அடுத்த வாரம்னா பார்க்கிறேன்" போதும்.

உறவுக்காரர்களிடம் இன்னும் கஷ்டம். அத்தை கைமாற்று கேட்டால், பார்க்கலாம் என்று மழுப்பாமல் "என்னால ஐயாயிரம்தான் முடியும் அத்தை, அதுக்கு மேலன்னா நான் கடன் வாங்கணும்" என்று தொகையையே சொல்லிவிடுங்கள். முதலில் முகம் கொஞ்சம் வாடும்தான், ஆனால் தொகை தெரிந்தால் அவர்களும் மீதிக்கு வேறு வழி பார்ப்பார்கள்.