இரண்டாம் ஆண்டு இயற்பியலுக்கான கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலாண்டு முடித்த இயற்பியல் மாணவர்கள் கோடை விடுமுறையில் செய்யும் முதல் தவறு, தடிமனான கணக்குப் புத்தகம் ஒன்றை எடுத்து முதல் பக்கத்திலிருந்து தொடங்குவது. கணங்கள், எல்லை, தொடர்ச்சி என்று இரண்டு அத்தியாயம் நகர்வதற்குள் கல்லூரி திறந்துவிடும். வகுப்பில் வெப்ப இயக்கவியல் தொடங்கும்போது தேவைப்படும் பகுதி வகைக்கெழு (மற்றவற்றை மாறாமல் வைத்து ஒரு மாறியைப் பொறுத்து மட்டும் வகையிடுவது), அந்தப் புத்தகத்தின் நடுவில் எங்கோ தொடப்படாமலே கிடக்கும். நிரூபணங்களைப் படிப்பது வீண் என்று சொல்லவில்லை. அதற்கு நேரம் வரும். இந்த ஒரு விடுமுறைக்கு வேலை வேறு.

கடலூர் மாவட்டக் கல்லூரிகளுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டம், புதுச்சேரிக் கல்லூரிகளுக்குப் புதுவைப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம். தாள்களின் பெயரும் வரிசையும் மாறலாம். ஆனால் வெப்ப இயக்கவியல், அலைவுகள், ஒளியியல், மின்காந்தவியல் என எது முன்னால் வந்தாலும் அது கேட்கிற கணக்கு ஏறத்தாழ ஒன்றுதான்: பகுதி வகைக்கெழு, வெக்டர் நுண்கணிதம், இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு, கலப்பெண், டெய்லர் தொடர், கொஞ்சம் அணிகள். நேரம் மிஞ்சினால் ஃபூரியர் தொடர். இவ்வளவுதான். ஆனால் இவை கையில் ஓட வேண்டும்.

அலைடு மேத்ஸில், அதாவது துணைப்பாடக் கணக்கில், நல்ல மார்க் வந்துவிட்டது, அதனால் அடிப்படை இருக்கிறது என்று நம்பிவிடுவது அடுத்தது. புத்தகத்தை மூடிவிட்டு ஒரு பகுதித் தொகையிடல், ஒரு பிரதியிடல், சங்கிலி விதி இரண்டு முறை வரும் ஒரு வகைக்கெழு போட்டுப் பாருங்கள். பேனா நிற்கிற இடம்தான் நீங்கள் தொடங்க வேண்டிய இடம். பிளஸ் டூ புத்தகத்துக்குத் திரும்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதிகம் பேர் தடுமாறுவது பகுதி வகைக்கெழுவில். வகையிடத் தெரிந்திருக்கும். ஆனால் அடைப்புக்குறியின் அடியில் இருக்கும் அந்தச் சின்ன எழுத்தை, அதாவது எதை மாறாமல் வைத்திருக்கிறோம் என்பதை, எழுதாமல் விட்டுவிடுவார்கள். கணக்கு வகுப்பில் அது பெரிதாகத் தெரியாது. இயற்பியலில் விடையே மாறிவிடும். நீங்கள் பிளஸ் ஒன்னில் படித்த ஒலியின் வேகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒலி செல்லும்போது காற்றின் வெப்பநிலை மாறவில்லை என்று நியூட்டன் எடுத்துக்கொண்டார். அப்படி வைத்தால் அழுத்தத்தைக் கன அளவைப் பொறுத்து வகையிடும்போது கிடைப்பது, அழுத்தத்தைக் கன அளவால் வகுத்து எதிர்க்குறி போட்டது. அதிலிருந்து 0 டிகிரி செல்சியஸில் நொடிக்கு ஏறத்தாழ 280 மீட்டர் வரும். அளந்து பார்த்தால் 332-க்குப் பக்கம். ஒலியின் அழுத்த மாற்றம் வெகு வேகமாக நடப்பதால் வெப்பம் வெளியேற நேரமில்லை, மாறாமல் இருப்பது வெப்பநிலை அல்ல என்று 1816-இல் லாப்லாஸ் திருத்தினார். வெப்பப் பரிமாற்றம் இல்லை என்று வைத்தால் அதே வகைக்கெழு 1.4 மடங்காகிறது. ஒலியின் வேகம் அதன் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 1.4-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.183. அதை 280-ஆல் பெருக்கினால் 331. நியூட்டனின் விடைக்கும் சரியான விடைக்கும் நடுவே இருப்பது அந்தச் சின்ன எழுத்துதான். வெப்ப இயக்கவியலில் எந்த வகைக்கெழுவை எழுதினாலும் அதை விடாமல் எழுதுங்கள்.

வெக்டர் பகுதியில் டைவர்ஜன்ஸ் (ஒரு புள்ளியிலிருந்து எவ்வளவு வெளியே பாய்கிறது), கர்ல் (அங்கே எவ்வளவு திருப்புகிறது) சூத்திரங்களை மனப்பாடம் செய்துகொண்டு, அவை எதைச் சொல்கின்றன என்று கேட்காமல் போய்விடுகிறார்கள். நீர் வட்டமாகச் சுழன்றால்தான் கர்ல் உண்டு என்று நினைக்கிற பிள்ளைகள் ஏராளம். மழைக்காலத்தில் கெடிலம் ஆறு நேராக ஓடும் ஓர் இடத்தை எண்ணிக்கொள்ளுங்கள். சுழி எதுவும் இல்லை. ஆனால் நடுவில் நீர் வேகமாகவும் கரையோரம் மெதுவாகவும் போகும். இரண்டு குச்சிகளைக் குறுக்காகக் கட்டிக் கரைப்பக்கம் மிதக்கவிட்டால், அது திரும்பிக்கொண்டே போகும். கர்ல் சுழியமில்லை என்பதற்கு அதுதான் பொருள். வேகம் உச்சத்தில் இருக்கும் நடு ஓட்டத்தில் விட்டால் திரும்பாமல் நேராகப் போகும். இதை ஒரு தாளில் அம்புகளாக வரைந்து, பிறகு சூத்திரத்தில் போட்டு, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் கோள ஆயங்கள். கன அளவுக் கூறில் ஆரத்தின் வர்க்கத்தையும் சைன் தீட்டாவையும் விட்டுவிட்டுத் தொகையிடுவார்கள். அப்படிச் செய்தால் கோளத்தின் கன அளவுக்குப் பதிலாக இரண்டு பை வர்க்கம் பெருக்கல் ஆரம் என்று வரும். அது வெறும் நீளம். அலகைப் பார்த்திருந்தாலே தப்பு அங்கேயே பிடிபட்டிருக்கும். இன்னொன்று, இயற்பியல் புத்தகங்கள் இசட் அச்சிலிருந்து அளக்கும் கோணத்தைத் தீட்டா என்கின்றன. கணக்குப் புத்தகங்கள் பலவற்றில் அது ஃபை. இரண்டையும் மாற்றி மாற்றிப் படிப்பவர்கள் முதலில் இதைக் கவனிக்க வேண்டும்.

தோராயத்தை மட்டமாக நினைப்பதும் ஒரு தவறு. தனி ஊசலில் சைன் தீட்டாவுக்குப் பதில் தீட்டா என்று போடுகிறோமே, அது எவ்வளவு தூரம் சரி? 10 டிகிரியை ரேடியனில் மாற்றினால் 0.1745, அதன் சைன் 0.1736. வித்தியாசம் அரை சதவீதம். 30 டிகிரியில் 0.5236-க்கு எதிரே 0.5, கிட்டத்தட்ட 5 சதவீதம். ஆனால் அந்த 30 டிகிரி வீச்சிலும் அலைவு நேரம் கூடுவது 1.7 சதவீதம்தான். இதைக் கால்குலேட்டரில் ஒருமுறை செய்து பார்த்தவருக்கு டெய்லர் தொடர் எதற்கு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டிகிரியில் வைத்துக்கொண்டு செய்தால் எதுவும் சரியாக வராது, ரேடியனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வகைக்கெழுச் சமன்பாட்டில் சி.எஃப். (நிரப்புச் சார்பு), பி.ஐ. (சிறப்புத் தீர்வு) என்று பத்து மார்க் கேள்விக்குப் படித்தது போதாது. அதன் துணைச் சமன்பாட்டின் மூலங்கள் கலப்பெண்ணாக வந்தால் ஊசல் ஆடிக்கொண்டே அடங்கும், மெய்யெண்ணாக வந்தால் ஆடாமலே அடங்கும் என்று பார்த்தவுடன் சொல்ல வரவேண்டும். நிறைக்குப் பதில் மின்தூண்டல், உராய்வுக்குப் பதில் மின்தடை என்று மாற்றினால் அதே சமன்பாடு எல்.சி.ஆர். (மின்தூண்டி, மின்தேக்கி, மின்தடை சேர்ந்த) சுற்றாகிவிடும். ஒரு தடவை உழைத்தால் இரண்டு பாடம் முடிகிறது.

கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில் வீடியோ பார்த்துக்கொண்டே போய்வருகிற பிள்ளைகள் நிறைய. பார்ப்பதில் தவறில்லை, அறிமுகத்துக்கு நல்லதும்கூட. பார்த்ததோடு விட்டுவிடுவதில்தான் தவறு இருக்கிறது. ஆசிரியர் போடும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அதே கணக்கை வெற்றுத்தாளில் போட்டுப் பாருங்கள். புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்திலோ கல்லூரி நூலகத்திலோ இரண்டு மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் போட்டதை இன்னொருவர் திருத்தினால் இன்னும் நல்லது.

கல்லூரி திறந்தும் எல்லாம் முடியவில்லை என்றால் ஃபூரியரை ஒதுக்கி வையுங்கள், வகுப்பிலேயே வந்துவிடும். அணிகளில் ஐகன் மதிப்பு காண்பது வரை போதும். பகுதி வகைக்கெழுவையும் கலப்பெண்ணையும் மட்டும் தள்ளிப்போடாதீர்கள், முதல் மாதத்திலேயே அவை இரண்டும் தேவைப்படும்.